டிமென்ஷியா, அல்சைமர், மறதி நோய்: எது எதற்குப் பெயர்?

மதுரைப் பக்கம் ஒரு வீட்டில் பெரியவருக்கு இந்த நோய் வந்தால், முதலில் அதற்குப் பெயரே இருக்காது. ‘வயசாயிப்போச்சு, அப்படித்தான்’ என்பார்கள். கொஞ்ச நாளில் ‘சொன்னதையே சொல்லிக்கிட்டு இருக்காக’ என்று ஆகும். அடுத்து ‘வேணும்னே பண்றாக’. வேட்டி நழுவியது தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் தெரு வைக்கும் பெயர் ‘கிறுக்கு’. இத்தனை பெயரும் வைத்து முடித்த பிறகுதான் டாக்டர் சீட்டில் டிமென்ஷியா என்றோ அல்சைமர் என்றோ ஒரு சொல் வரும். ‘ரெண்டும் ஒண்ணுதானா? தமிழ்ல இதுக்கு என்னங்க?’ என்று வீட்டில் கேட்பார்கள்.

ரெண்டும் ஒன்றில்லை. டிமென்ஷியாவைக் காய்ச்சல் என்று வைத்துக்கொண்டால், அல்சைமரை டைஃபாய்டு என்று சொல்லலாம். காய்ச்சல் பல காரணத்தால் வரும். டைஃபாய்டு அதில் ஒன்று. நினைவு, பேச்சு, வழி கண்டுபிடிப்பது, கணக்குப் பார்ப்பது, சூழ்நிலை புரிந்து நடப்பது ஆகியவை அன்றாட வாழ்க்கையே தடுமாறும் அளவுக்குக் குறைந்துபோனால் அந்த நிலைக்குப் பெயர் டிமென்ஷியா. அதை உண்டாக்கும் நோய்களில் முதலிடம் அல்சைமருக்கு. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 60 முதல் 70 சதவீதம் வரை அதுதான். மூளையின் ரத்தக்குழாய் அடைப்பால் வருவதும் நிறைய. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இல்லாத வீட்டைத் தேடவேண்டியிருக்கும் நம் ஊரில் இதை மறந்துவிடக் கூடாது. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, எப்போதோ தலையில் அடிபட்டு உள்ளே தேங்கிய ரத்தம் போன்றவையும் ஆளை இதே மாதிரி ஆக்கும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. அதனால்தான் ‘வயசாயிப்போச்சு’ என்று வீட்டிலேயே முடிவு கட்டுவது ஆபத்தானது.

டிமென்ஷியா லத்தீன் சொல். ‘டி’ என்றால் விலகி, நீங்கி. ‘மென்ஸ்’ என்றால் மனம், அறிவு. ரோமானியர்கள் பித்துப் பிடித்தவரைக் குறிக்கப் புழங்கிய சொல் அது. ஆக, நம் தெருவில் சொல்லும் ‘கிறுக்கு’க்கும் டாக்டர் சீட்டில் வரும் சொல்லுக்கும் பிறப்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. லத்தீன் நமக்குப் புரியாததால் கௌரவமாகக் கேட்கிறது, அவ்வளவுதான். ஜப்பானியர்கள் தங்கள் பழைய சொல்லில் ‘மடமை’ என்ற பொருள் இருக்கிறது என்று 2004-இல் அரசாங்கமாகவே அதை மாற்றி, அறிதிறன் சார்ந்த நோய் என்று பொருள்படும் வேறு சொல்லைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் 2013-இல் தன் கையேட்டில் டிமென்ஷியாவுக்குப் பதிலாக வேறு பெயரை முன்னே வைத்தது.

அல்சைமர் ஒரு மனிதரின் பெயர். அலாய்ஸ் அல்சைமர், 1864-இல் பிறந்த ஜெர்மன் மருத்துவர். 1901-இல் ஃப்ராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் அவரிடம் அவுகுஸ்டெ டேட்டர் என்ற பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வயது 51. கணவர் ரயில்வே ஊழியர். அவர்மேல் அந்த அம்மாவுக்குத் தீராத சந்தேகம். அல்சைமர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட கேள்விகளும் அந்த அம்மா சொன்ன பதில்களும் அப்படியே பதிவாகியிருக்கின்றன. உங்கள் பெயர் என்ன என்றால் ‘அவுகுஸ்டெ’. கணவர் பெயர் என்றாலும் ‘அவுகுஸ்டெ’. பன்றி இறைச்சியும் காலிஃபிளவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்றால் ‘கீரை’. பெயரை எழுதச் சொன்னால் பாதியில் நின்றுவிடும். ‘நான் என்னையே தொலைத்துவிட்டேன்’ என்று சொல்லியிருக்கிறார்.

அவர் 1906 ஏப்ரலில் இறந்தார். மூளையை வாங்கி நுண்ணோக்கியில் பார்த்த அல்சைமர், நரம்பணுக்களுக்கு வெளியே படிந்த திட்டுகளையும் உள்ளே முறுக்கிக் கிடந்த இழைகளையும் கண்டார். அதே ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி ட்யூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. 1910-இல் அவருடைய மூத்த பேராசிரியர் எமில் கிரேப்பெலின் தன் பாடநூலில் ‘அல்சைமர் நோய்’ என்று எழுதினார். பெயர் நிலைத்தது. இது ஆள் பெயர் என்பதால் மொழிபெயர்க்க எதுவும் இல்லை. அல்சைமர், ஆல்சைமர், அல்சீமர் என்று எழுத்துதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

அந்த அம்மாவின் வயதைக் கவனித்தீர்களா? முதல் நோயாளியே கிழவி இல்லை. நம் பத்திரிகைகளில் அடிக்கடி வரும் ‘முதுமை மறதி’ என்ற பெயர் அங்கேயே அடிபட்டுப்போகிறது. வயது கூடக் கூட வாய்ப்பும் கூடும், சரி. ஆனால் முதுமைக்கு இயல்பாக வருகிற மறதி வேறு. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது முதுமை. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று விழிப்பது நோய். ‘முதுமை மறதி’ என்று சொன்னவுடன் கேட்பவர் ‘ஆமா, வயசானா வர்றதுதானே’ என்று டாக்டரிடம் போவதை நிறுத்திவிடுவார்.

‘நினைவிழப்பு’ என்றும் எழுதுகிறார்கள். விபத்துச் செய்தியில் ‘நினைவிழந்த நிலையில் மருத்துவமனையில் அனுமதி’ என்று வாசித்துப் பழகிய நமக்கு அது மயக்கம்தான். ‘சன்னி’யையும் இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. நேற்று வரை சரியாக இருந்தவர் இன்றைக்குத் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால், சிறுநீர்த் தொற்றோ, உப்புச்சத்துக் குறைவோ, புதிதாகச் சேர்த்த மாத்திரையோ காரணமாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய விஷயம் அது. டிமென்ஷியா மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வருவது. யாழ்ப்பாணத்தில் ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்று ஒரு வழக்கு உண்டு. அழகான சொல்தான், ஆனால் கேலியும் கூடவே ஒட்டியிருக்கிறது. மேலும் வைகைக்கரையில் யாருக்கும் புரியாது.

மிச்சம் ‘மறதி நோய்’. ‘மற’ என்ற வேர் பழையது. மறவி என்றும் சொல்வார்கள். வள்ளுவர் ‘நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும் கெடுநீரார் காமக் கலன்’ என்கிறார். காலம் கடத்துவது, மறதி, சோம்பல், தூக்கம் நான்கும் கெட்டுப்போகிறவர் ஆசையோடு ஏறும் மரக்கலம். பொச்சாவாமை என்று தனி அதிகாரமே மறதிக்கு எதிராக இருக்கிறது. வள்ளுவர் கடிந்தது அக்கறையின்மையால் வரும் மறதியை. சிக்கல் என்னவென்றால், தமிழில் மறப்பது இன்றைக்கும் அந்த வாடையோடுதான் வருகிறது. ‘அம்மா மாத்திரை போட மறந்துட்டாங்க’ என்று சொல்லிப்பாருங்கள். மறந்தது யார்? அம்மா. எழுவாயும் அவர்தான், குற்றவாளியும் அவர்தான். ‘அம்மாவுக்கு ஞாபகம் இல்லை’ என்று சொல்லும்போது அம்மா நான்காம் வேற்றுமைக்கு நகர்ந்துவிடுகிறார். அம்மாவுக்குப் பசி, அம்மாவுக்குக் காய்ச்சல் என்கிற வரிசையில் இதுவும் சேர்ந்துவிடுகிறது. அவருக்கு நடந்தது, அவர் செய்ததல்ல.

இலக்கண ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். எங்கள் தெருவில் ஒரு மாமியார் தன் சுருக்குப்பையை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்துவிட்டு, மருமகள் திருடிவிட்டாள் என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். அது நோயின் வேலை. புதிதாக நடந்ததைப் பதிந்துகொள்ளும் பகுதிதான் அல்சைமரில் முதலில் பழுதாகும். அதனால் ஐம்பது வருடத்துக்கு முந்தைய சித்திரைத் திருவிழா துல்லியமாக இருக்கும், காலையில் பையை ஒளித்து வைத்தது இருக்காது. பையோ காணோம், தான் எடுத்ததாக நினைவும் இல்லை. அப்படியென்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும். அவர் கணக்கு அவருக்குச் சரி. ‘அத்தை சொல்றாங்க’ என்று நினைத்தால் மருமகளுக்கு நெஞ்சு வெடிக்கும். ‘அத்தைக்கு இப்படி வருது’ என்று நினைக்கப் பழகியவர் பையைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். எல்லா நாளும் அப்படிப் பார்க்க முடியாது, அதுவும் நிஜம்.

சாயங்காலம் இது கூடும். பொழுது சாயும்போது பதற்றமும் குழப்பமும் அதிகமாவது இந்த நோயில் பரவலாகக் காண்பது. அதே மாமியார் விளக்கு வைக்கும் நேரம் ஆனால் மஞ்சப்பையில் ரெண்டு சேலையைத் திணித்துக்கொண்டு ‘சோழவந்தானுக்குப் போறேன், அப்பத்தா தேடும்’ என்று கிளம்புவார். ‘அப்பத்தா செத்து அறுபது வருஷமாச்சு’ என்று திருத்தினால், அந்தச் சாவு அவருக்கு அன்றைக்குத்தான் நடந்த மாதிரி அழுகை. மருமகள் கண்டுபிடித்த பதில்: ‘இந்நேரத்துக்கு பஸ்ஸில கூட்டமா இருக்கும் அத்தை, காபி குடிச்சிட்டுப் போவோம்.’ காபி முடிவதற்குள் சோழவந்தான் மறந்துவிடும். பொய் சொல்வது பாவம் என்று ஒரு நாத்தனார் குறைப்பட்டார். மாதத்துக்கு ஒருமுறை பழத்தோடு வந்து போகிறவர் அவர், சாயங்காலங்கள் மருமகளுடையவை.

அந்த மாமியாரிடம் உதிரி மல்லிகையும் நாரும் கொடுத்துவிட்டால் போதும், விரல்கள் தானாகக் கட்டும். பேத்தியின் பெயர் வராது, பூச்சரம் ஒரு கண்ணி தப்பாமல் வரும். கைப்பழக்கம் மூளையில் வேறு இடத்தில் இருப்பதால் அது நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது. ‘மறதி நோய்’ என்ற பெயரும் இங்கே பாதிதான் பொருந்துகிறது. எல்லாம் மறப்பதில்லை, மறதி மட்டுமே நோயுமில்லை. ஆகவே மருத்துவ எழுத்தில் டிமென்ஷியாவுக்கு ‘அறிதிறன் குறைபாடு’ என்ற வழக்கே சரி என்பது என் எண்ணம். அறிதிறனில் நினைவும் வரும், பேச்சும் வரும், வழி தெரிவதும் வரும். வீட்டிலும் தெருவிலும் ‘மறதி நோய்’ இருக்கட்டும். அதில் ‘நோய்’ என்பதை விழுங்காமல் சொல்லவேண்டும். வெறும் ‘மறதி’ என்றால் பழையபடி திட்டத்தான் தோன்றும்.

டாக்டரிடம் போகும்போது ஒன்று. ‘இன்னைக்கு என்ன தேதி’ என்று கேட்பார்கள். பள்ளிக்கூடம் போகாத அப்பத்தா எந்தக் காலத்தில் தேதி பார்த்தார்? அமாவாசையும் கார்த்திகையும்தான் அவர் கணக்கு. அதனால் கூடப்போகிறவர் வாயைத் திறக்கவேண்டும்: முன்பு சந்தைக்குப் போய்ச் சில்லறை சரியாக வாங்கிவருவார், இப்போது தடுமாறுகிறார், புளிக்குழம்பில் புளியை விட்டுவிடுகிறார், தெற்கு மாசி வீதியில் திரும்பவேண்டிய சந்து தெரியவில்லை என்று மாற்றத்தைச் சொல்லவேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. டோனெபெசில் போன்ற மாத்திரைகள் அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தாங்கிப்பிடிக்கும், நோயைக் குணப்படுத்தாது.

கவனித்துக்கொள்பவருக்கு அச்சில் ‘பராமரிப்பாளர்’ என்று பெயர். சம்பளத்துக்கு வருபவருக்குக்கூட அது பொருந்தலாம். வீட்டில் அந்த வேலையைச் செய்பவரை யாரும் அப்படிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. ‘மருமக பாத்துக்கிறா’, ‘மூத்த மக பாத்துக்கிறா’, எப்போதாவது ‘மகன் பாத்துக்கிறான்’. பெயர் இல்லாத வேலைக்கு லீவும் இல்லை. நாத்தனார் வரும்போது பழத்துக்குப் பதிலாக இரண்டு நாள் தங்கினால், அந்த மருமகள் ஆறு மணிக்கு மேல் ஒரு கல்யாண வீட்டுக்காவது போய்வருவார். முதியோர் உதவிக்கென்று 14567 என்ற இலவச எண்ணும், மனச்சுமைக்குப் பேச 14416 என்ற எண்ணும் இருக்கின்றன. இரண்டாவது எண் நோயாளிக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம், பார்த்துக்கொள்பவரும் கூப்பிடலாம். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று பெரியவரைக் கூட்டத்துக்குக் கூட்டிப்போவதாக இருந்தால், அடையாளச் சீட்டு சட்டைப்பையில் வேண்டாம், சட்டையைக் கழற்றிப் போட்டுவிடுவார். வேட்டி மடிப்பிலோ ரவிக்கையின் உட்புறத்திலோ பெயரும் செல்போன் எண்ணும் எழுதிய துணியை வைத்துத் தைத்துவிடுங்கள்.