வாடகைக் கார் எடுக்கும் முன் நம்பர் பிளேட்டின் நிறத்தைப் பாருங்கள்

எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்கா குடும்பத்தோடு திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்றை அவருடைய தம்பி இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்து வந்தான். டிரைவர் கிடையாது, அவனேதான் ஓட்டினான். திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி மீடியனில் ஏறிக் கவிழ்ந்தது. அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. தம்பிக்கு வலது கை. அதன் பிறகு அக்கா ஏறி இறங்கிய ஆபீஸ்களில் பாதிக்கு நானும் கூடப் போனேன். இன்றுவரை ஒரு ரூபாய் வரவில்லை. வண்டிக்காரர்தான் தன் வண்டி போன நஷ்டத்தைக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்.

அது வெள்ளை போர்டு வண்டி. அந்த ஒரு விஷயத்தை முன்கூட்டியே யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் அவர்கள் அந்த வண்டியில் ஏறியிருக்கவே மாட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் சொல்வது இவ்வளவுதான். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோகத்துக்கான வண்டி. மஞ்சளில் கறுப்பு எழுத்து, டிரைவரோடு வாடகைக்கு ஓடுவது. கறுப்பில் மஞ்சள் எழுத்து, நாமே ஓட்டிப் போக வாடகைக்குத் தருவது. மின்சார வண்டிகளுக்குப் பச்சைப் பலகை. சொந்த வண்டிக்கு வெள்ளை எழுத்து, வாடகை வண்டிக்கு மஞ்சள் எழுத்து. பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு விட்டால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறையும் உண்டு. செல்ஃப் டிரைவுக்கென்று 1989-இல் தனித் திட்டம் கொண்டுவந்தார்கள். அதில் உரிமம் வாங்கக் குறைந்தது 50 வண்டி வைத்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். மூன்று வண்டி வைத்துப் பிழைக்கிறவர் 50 வண்டிக்கு எங்கே போவார்? அவர் வெள்ளை போர்டிலேயே ஓட்டுகிறார், பிடிக்க வேண்டியவர்களும் கண்டுகொள்வதில்லை. விபத்து நடக்கும் அன்றைக்கு மட்டும் எல்லா ஆபீஸுக்கும் சட்டம் ஞாபகம் வந்துவிடுகிறது.

"ஃப்ரெண்டு வண்டின்னு சொல்லிடுங்க"

சாவியைக் கொடுக்கும்போது இந்த வார்த்தை வந்தால் வண்டியை எடுக்காதீர்கள். வேளச்சேரியிலும் மேடவாக்கத்திலும் அம்பத்தூரிலும் தினமும் சொல்லப்படுகிற வார்த்தைதான். "வழியில போலீஸ் கேட்டா ஃப்ரெண்டு வண்டின்னு சொல்லிடுங்க சார், ஒண்ணும் ஆகாது." போலீஸ் கேட்டால் ஒருவேளை ஒன்றும் ஆகாது. இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டால் என்ன ஆகும் என்பதுதான் பிரச்சினை.

சொந்தக் காருக்கான பாலிசியிலேயே வண்டியை வாடகைக்கு விடக் கூடாது என்று எழுதியிருக்கும். விபத்துக்குப் பிறகு கம்பெனி அனுப்பும் விசாரணை ஆள் வீட்டுக்கு வருவார், நன்றாகத்தான் பேசுவார். ஓட்டியவருக்கும் உரிமையாளருக்கும் என்ன உறவு, எத்தனை வருடப் பழக்கம், அவர் வீடு எந்தத் தெருவில் என்று கேட்டுக்கொண்டே போவார். அக்கா வீட்டில் தம்பி ஐந்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஜிபேயில் பணம் அனுப்பும்போது "கார் ரெண்ட்" என்று அவனே குறித்திருந்தான். பொய் சொல்லியிருந்தாலும் அந்த ஒரு வரி போதும், மாட்டியிருப்பான். அதனால் விபத்துக்குப் பிறகு யார் சொன்னாலும் பொய்க் கதை சொல்லாதீர்கள். கிடைக்கக்கூடியதும் அதோடு போய்விடும்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. வண்டிக்குக் கட்டாயமாக எடுக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உரிமையாளர் ஓட்டினால்தான் பொருந்தும். வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது. அடுத்தவர் வண்டியை வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், அவரே அந்த வண்டியின் இன்சூரன்ஸில் இழப்பீடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இலேயே சொல்லிவிட்டது. கறுப்பு போர்டு வண்டியாகவே இருந்தாலும் உங்கள் தவறால் உங்கள் கை உடைந்தால் நிலைமை ஏறக்குறைய இதுதான். எனவே செல்ஃப் டிரைவ் எடுக்கிறவர் தன் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு வைத்திருக்க வேண்டும். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கூட உட்கார்ந்து வருகிறவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. சொந்தக் காருக்கு வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு அதில் பாதுகாப்பு இல்லை. அக்காவுக்கு நடந்தது இதுதான். வாடகைக்கு விட்ட விதிமீறலோடு இதுவும் சேர்ந்துகொண்டதால் கம்பெனி ஒரே பக்கத்தில் கடிதம் எழுதிக் கை கழுவிவிட்டது.

பலகையை மட்டும் நம்பாதீர்கள்

வெள்ளை போர்டின் மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி நிறுத்தியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் வண்டி எண்ணைக் கேட்டு வாங்கி மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. வண்டி வகை என்ற இடத்தில் மோட்டார் கேப் என்று இருக்க வேண்டும். மோட்டார் கார் என்று இருந்தால் பலகை என்ன நிறமாக இருந்தாலும் அது சொந்த வண்டிதான். கீழேயே இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எந்தத் தேதி வரை என்று இருக்கும். எஃப்.சி. நீங்கள் திரும்பி வரும் நாளுக்குள் முடிகிறதா என்றும் பாருங்கள். வண்டி எண்ணைக் கேட்டதும் "வந்து பாத்துக்கலாம் சார்" என்று இழுத்தால் வேறு இடம் தேடுங்கள்.

உங்கள் லைசென்ஸைப் பற்றி யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள். சாதாரண கார் லைசென்ஸ் போதும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை அதே லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்திருக்கிறது.

டெபாசிட் போகும் விதம்

வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் பெரும்பாலும் ராத்திரிதான் போவோம். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், நமக்கும் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருக்கும். அந்த நேரத்தில் கடைக்காரப் பையன் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவான். பின்பக்க பம்பருக்குக் கீழே, குனிந்தால்தான் தெரிகிற இடத்தில், ஒரு கோட்டை நகத்தால் சுரண்டிக் காட்டுவான். கோட்டுக்குள் மண் படிந்து காய்ந்து போயிருக்கும். இரண்டு நாளில் அப்படிப் படியாது. ஆனாலும் 8,000 ரூபாய் என்பான். டெபாசிட் அவன் கையில் இருக்கும்போது நம்மால் என்ன பேச முடியும்?

ஆகவே எடுக்கும்போதே வீடியோ எடுங்கள். பகல் வெளிச்சத்தில், நான்கு பக்கமும், பம்பருக்குக் கீழேயும், டயரும், கண்ணாடியும், உள்ளே மீட்டரில் கிலோமீட்டரும் பெட்ரோல் முள்ளும் தெரிய எடுங்கள். அங்கேயே நின்று அந்த வீடியோவை அவர்களுடைய வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அதையே செய்யுங்கள். ராத்திரி என்றால் ஒரு பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் நிறுத்தி எடுத்துக்கொண்டு பிறகு போங்கள்.

டெபாசிட்டை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். அசல் ஆதார், அசல் லைசென்ஸ் எதையும் அடகு போல வைக்காதீர்கள். டூவீலரை ஆர்.சி. புக்கோடு விட்டுவிட்டுப் போகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அங்கேயும் வேண்டாம். நகலில் "வாடகைக் காருக்காக மட்டும்" என்று குறுக்கே எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். அப்புறம், ஸ்பீடு ஃபைன் வந்திருக்கிறது என்று டெபாசிட்டில் பிடித்தால் சலான் எண்ணைக் கேளுங்கள். பரிவாகன் இ-சலான் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு உண்மையா என்று நீங்களே பார்க்கலாம். சலான் இல்லாமல் பிடித்த பணம் உங்கள் பணம்.

டிரைவரோடு மஞ்சள் போர்டு வண்டி எடுத்தால் இந்தத் தலைவலிகளில் பெரும்பகுதி இல்லை. என்னைக் கேட்டால் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அதையே எடுக்க வேண்டும். அங்கே கணக்கில்தான் இடிக்கும். நாள் என்பது ராத்திரி 12 மணிக்கு மாறும். வெள்ளி இரவு 10 மணிக்குக் கிளம்பி ஞாயிறு விடிகாலை வந்தால் மூன்று நாள் வாடகை, மூன்று நாள் பேட்டா என்பார்கள். கிலோமீட்டர் உங்கள் வாசலிலிருந்து ஓடாது, ஷெட்டிலிருந்து ஷெட்டுக்கு ஓடும். திருவான்மியூரில் இருந்துகொண்டு அம்பத்தூர் டிராவல்ஸில் வண்டி எடுத்தால் போக வர அந்தத் தூரமும் உங்கள் தலையில்தான். திருப்பதி, புதுச்சேரி என்று மாநிலம் தாண்டினால் அகில இந்திய பெர்மிட் உள்ள வண்டியா, இல்லையென்றால் பெர்மிட் செலவு யாருடையது என்று கேளுங்கள். டோல், பார்க்கிங், மலைப்பாதை சார்ஜ், ஒரு நாளைக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் அனுப்புங்கள்.

ஏமாந்த பிறகு எங்கே போவது

டெபாசிட்டைத் தரவில்லை என்று ஸ்டேஷனுக்குப் போனால் "இது சிவில் மேட்டர்" என்பார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் "பணத் தகராறுக்கு நாங்க என்ன பண்றது, ஸ்டேஷனுக்குப் போங்க" என்பார்கள். இந்த இரண்டு வாசலுக்கும் நடந்தே ஒரு மாதத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பணத்துக்கு நீங்கள் போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதியுங்கள், பல கடைகள் அதிலேயே இறங்கி வந்துவிடும். இல்லையென்றால் 15 நாள் கெடு கொடுத்துப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு, ஆணையத்தில் ஆன்லைனில் வழக்குப் போடுவதற்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வழக்குப் போடுங்கள். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டது என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

ரசீது இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். யூபிஐ கணக்கும் வாட்ஸ்அப் பேச்சும் ஆதாரம்தான். ஆனால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்துக்கொண்டு போனை மாற்றிவிட்டால் அதற்குச் சான்றிதழ் கொடுக்கும்போது திண்டாடுவீர்கள். வழக்கு முடியும் வரை அந்த உரையாடல் அதே போனில் அழியாமல் இருக்கட்டும்.

அசல் ஆவணத்தையோ டூவீலரையோ பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டினால் அது போலீஸ் விஷயம். எழுத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நகராதீர்கள். வாங்க மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் கமிஷனருக்கு அனுப்புங்கள். அப்படி அனுப்ப சட்டத்திலேயே வழி இருக்கிறது.

விபத்து என்றால் முதலில் உயிர். முதல் 48 மணி நேரத்துக்கு "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் அரசு மருத்துவமனையிலும் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவச சிகிச்சை உண்டு. அட்வான்ஸ் கட்டச் சொன்னால் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அங்கே ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது வண்டி எண், யார் ஓட்டியது, எங்கே நடந்தது ஆகிய மூன்றையும் சரியாகச் சொல்லுங்கள். பதற்றத்தில் யாரோ சொன்ன தப்பான எண் அதில் ஏறிவிட்டால் வருடக்கணக்கில் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். எஃப்.ஐ.ஆர். விபத்து நடந்த ஊர் ஸ்டேஷனில்தான் இருக்கும். அதன் நகல், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்றிதழ் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். இழப்பீட்டு வழக்குக்காகத் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம். சென்னைக்காரர்களுக்கு உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் தீர்ப்பாயம் இருக்கிறது. சட்டம் கொடுத்திருக்கும் கெடு 6 மாதம். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே அது ஓட ஆரம்பித்துவிடும்.

வார்டுக்குள்ளேயே வந்து "கேஸை நான் பாத்துக்கிறேன்மா" என்று சொல்கிற புரோக்கர்களிடம் எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அக்கா வலி தாங்காமல் நான்கு தாளில் போட்டுக் கொடுத்தார். அவற்றில் இரண்டைத்தான் எங்களால் திரும்ப வாங்க முடிந்தது.