ஒன்பதாவது கேள்வியில் ஒரு டிக்

நாள்பட்ட நோயோடு வாழ்பவர்களின் மனச்சோர்வு பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்த இளங்கலை மாணவி ஒருத்தி, ஒரு மாலை படிவம் ஒன்றை நீட்டினாள். "மேடம், ஒன்பதாவதுல 'கிட்டத்தட்ட தினமும்'னு டிக் பண்ணியிருக்காங்க."

படிவம் வாங்கி பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கணினியில் ஏற்ற உட்கார்ந்தபோதுதான் அவள் கண்ணில் பட்டிருக்கிறது. பெயர் எழுத வேண்டாம் என்று நாங்களே சொல்லியிருந்ததால், யாரென்று தெரிய வழியில்லை. மருத்துவரிடம் சொல்லி, அந்த வாரம் பங்கேற்ற எல்லோரையும் அழைத்துப் பேசினோம். எழுதியவர் அவர்களில் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தவறு அவளுடையது அல்ல, வழிகாட்டியான என்னுடையது.

அந்தப் படிவம், மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 (PHQ-9) என்ற வினாநிரல்; 2001இல் வெளியானது. அனுமதி கேட்காமல், கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம். சின்னது, எளிது; அதனால் மாணவர்கள் முதலில் எடுப்பது இதைத்தான். கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. தூக்கம், பசி, சோர்வு என்று போய் ஒன்பதாவதில், செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்று கேட்கிறது. அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுமோ என்று மாணவர்கள் பயப்படுவார்கள். கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்றே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்டுவிட்டு பதிலைப் படிக்காமல் பையில் வைத்துக்கொள்வதுதான் ஆபத்து.

இப்போது பெயருக்குப் பதில் குறியீட்டு எண். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் என்னிடம் பூட்டி இருக்கும். படிவம் தந்தவர் கிளம்பும் முன்பே மாணவர் ஒன்பதாவது கேள்வியைப் பார்த்துவிட வேண்டும். 0 தவிர வேறு எது இருந்தாலும் உடனே எனக்கு போன். அன்றே பேச ஒரு ஆலோசகர், ஆய்வு தொடங்கும் முன்பே ஒப்புக்கொண்டிருப்பார். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் ரகசியம் காக்க முடியாது என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதிவிடுகிறோம்.

இதெல்லாம் முடியாதென்றால், உதாரணமாக இணையத்தில் பெயரில்லாமல் நடத்தும் கணக்கெடுப்பு என்றால், பிஎச்கியூ-8 போதும். ஒன்பதாவது கேள்வி மட்டும் இல்லாத வடிவம் அது. மொத்த மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் வராது.

இன்னொன்று. மொத்த மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேல் வந்தவரை "மனச்சோர்வு நோயாளி" என்று அறிக்கையில் எழுதாதீர்கள். இது சல்லடைதான். நோய் என்று உறுதி செய்ய மருத்துவர் நேரில் பேசிப் பார்க்க வேண்டும்.

அந்த மாணவி பல நாள் சரியாகத் தூங்கவில்லை. பங்கேற்பவர்களைப் பற்றி யோசித்த அளவுக்கு, தரவு சேகரிக்கும் இருபது வயதுப் பிள்ளைகளைப் பற்றி நாங்கள் யோசித்ததில்லை. இப்போது வாரம் அரைமணி நேரம், புள்ளிவிவரம் எதுவும் பேசாமல், கேட்டதையும் பார்த்ததையும் சொல்லச் சொல்கிறேன்.

இந்தப் பருவத்தில் ஆய்வு செய்துகொண்டிருக்கிறீர்களா? பிரிக்காத படிவங்கள் மேசையில் கிடந்தால், இன்றிரவே ஒன்பதாவது கேள்வியை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். டிக் இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் உங்கள் வழிகாட்டியை எழுப்புங்கள்.