புழங்காக்காசு: செல்லும், ஆனால் கைமாறாது

வெளிநாட்டு நாணயப் பட்டியல்களைப் புரட்டினால் 'நான்-சர்குலேட்டிங் லீகல் டெண்டர்' (non-circulating legal tender) என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படும். சட்டப்படி செல்லும், ஆனால் சேகரிப்பவர்களுக்காகவே, அதிலும் பெரும்பாலும் அயல்நாட்டுக்காரர்களுக்காகவே வெளியிடப்படும் நாணயம் என்று பொருள்.

பசிபிக் தீவான நியுவேயில் 2,000 பேர்கூட இல்லை. அங்கே கடைகளில் புழங்குவது நியூசிலாந்து டாலர். ஆனாலும் 2014-இல் மிக்கி மவுஸ் படம் போட்ட 2 டாலர் வெள்ளி நாணயம் நியுவே பெயரில் வந்தது. அதிலிருந்த 1 அவுன்ஸ் வெள்ளியின் விலையே 2 டாலரைப் போலப் பல மடங்கு. அதைக் கொடுத்து யார் ரொட்டி வாங்குவார்? விற்றது நியூசிலாந்திலுள்ள ஒரு தனியார் நிறுவனம்; பெயர் தந்ததற்குத் தீவுக்கு ஒரு பங்கு. அமெரிக்க டாலர் புழங்கும் பலாவு நாட்டின் பெயரில், பிரான்சிலுள்ள லூர்து திருத்தலத்தின் நீரைத் துளியளவு குப்பியில் அடைத்துப் பதித்த நாணயம்கூட உண்டு. இத்தகையவற்றைக் கண்ணாடி போல் பளபளக்கும்படி அடித்து, விரல் ரேகை படாமலிருக்கப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தே விற்பார்கள்.

சரி, 'டெண்டர்' எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'தெந்தெரே' என்றால் நீட்டுதல். கடனுக்கு ஈடாக நீட்டும் பணம், கொடுக்க முன்வரும் விலை இரண்டுமே அந்தச் சொல்லில் அடங்கும். நாம் ஒப்பந்தப்புள்ளி என்பதும் அதே டெண்டர்தான். 'காசை நீட்டினான்' என்று நாமும் சொல்கிறோமே, அதே கை அசைவு!

தமிழில் இத்தகைய நாணயத்தைப் பலரும் 'நினைவு நாணயம்' என்று எழுதிவிடுகிறார்கள். அது போதாது. 2009-இல் வந்த அண்ணா நூற்றாண்டு 5 ரூபாயும் நினைவு நாணயம்தான். அது டீக்கடை வரை வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டுக்காக வந்த 1000 ரூபாய் நாணயமோ பேழையைவிட்டு இறங்கவில்லை. 'செல்லாக்காசு' என்றாலும் தவறு. சட்டப்படி இவை செல்லும்.

செல்வது வேறு, புழங்குவது வேறு. இந்த வேறுபாட்டை இரண்டே வினைகளில் வைத்திருக்கிறது தமிழ். அதனால் செல்லாக்காசு என்ற வாய்ப்பாட்டிலேயே 'புழங்காக்காசு' என்று சொல்லலாம் என்பது என் கருத்து. நாணயம் என்பது வடமொழி 'நாணக'த்திலிருந்து வந்தது; காசோ சோழர் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. அலுவல் நடையில் எழுத வேண்டுமானால் 'புழக்கத்துக்கு விடாத சட்டமுறை நாணயம்' என்று விரித்துக்கொள்ளலாம்.