டிஸ்மேன்டில்: மேலங்கி களைந்த சொல்

கடலூர் முதுநகரில் பழுதுபார்ப்பதற்காகக் கரையேற்றிய விசைப்படகின் எஞ்சினைத் திறக்கும் மெக்கானிக், முதலில் நட்டுகளைத் தளர்த்துகிறார். பிறகு அவற்றைக் கழற்றுகிறார். உள்ளிருக்கும் பாகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எண்ணெய் படிந்த சாக்கின்மேல் கழற்றிய வரிசையிலேயே அடுக்குகிறார். பில்லில் மட்டும் இத்தனை வேலையும் ‘டிஸ்மேன்டில்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகிறது.

இச்சொல் பிரெஞ்சிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ‘மேன்டில்’ என்பது தோளில் போர்த்தும் மேலங்கி. ‘டிஸ்’ நீக்கத்தைக் குறிக்கும் முன்னொட்டு. எனவே வேர்ப்பொருள் மேலங்கியைக் களைதல். ஊரைப் போர்த்தி நிற்கும் கோட்டை மதிலை இடிப்பதற்கே பிரெஞ்சில் இச்சொல் வழங்கியது. அந்தப் பழைய பொருளை இப்பகுதி நேரிலேயே கண்டிருக்கிறது: 1758இல் தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை, கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் வசமிருந்த செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தது, 1761இல் புதுச்சேரியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அந்நகரின் அரண்களைத் தரைமட்டமாக்கினர். இரு தரப்பினரும் செய்தது டிஸ்மேன்டில்தான் என்றாலும், கற்களை யாரும் சாக்கில் வரிசையாக அடுக்கி வைக்கவில்லை.

ஆகவே ஒரே தமிழ்ச்சொல்லை இதற்கு ஈடாக நிறுத்துவது சரியாகாது. மதிலுக்குத் தகர்த்தல், எந்திரத்துக்கும் பந்தலுக்கும் பிரித்தல், ஒன்றும் விடாமல் பிரித்தால் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தல். எதையும் ‘அகற்றுதல்’ என்று எழுதிவிடும் அலுவலக வழக்கில், பொருள் எவ்வாறு பொருந்தியிருந்தது என்ற செய்தியே தொலைந்துபோகிறது.

இணைந்திருப்பதைத் தனியே பிரிப்பதைக் குறிக்கும் ‘டிடாச்’ என்பதும் இத்தகையதே. அதன் வேரை முளைக்குச்சியோடு தொடர்புபடுத்துவர். முளையில் கட்டிய மாட்டை நாம் அவிழ்க்கிறோம், கழற்றுவதில்லை. ‘டிஸ்கனெக்ட்’ என்பதன் இலத்தீன் வேரிலும் இருப்பது முடிச்சுதான். அதற்கு நாம் வழங்கும் ‘துண்டித்தல்’ வெட்டுவதைக் குறிப்பது. நிலுவையைக் கட்டியதும் திரும்பக் கிடைக்கும் மின்னிணைப்புக்கு அது சற்று முரட்டுச் சொல் என்றே தோன்றுகிறது.

மெக்கானிக்கின் பில்லில் ‘எஞ்சின் பிரித்து மாட்டக் கூலி’ என்று எழுதலாம். பட்டறையில் அவர் வாயால் சொல்வதும் அதுதான்; கழற்றியதைத் திரும்பப் பூட்டித் தரும் பொறுப்பு ‘டிஸ்மேன்டில்’ என்ற சொல்லில் இல்லை, ‘பிரித்து மாட்டுதல்’ என்பதில் இருக்கிறது.