நின்னா உதறுதா, ஓடுனா உதறுதா?
ரங்கூன்ல எங்க பாத்தாலும் ஜப்பான்ல ஓடிட்டு வந்த பழைய டொயோட்டா ப்ரோபாக்ஸ் கார் தான். டிராஃபிக்ல ஏசி போட்டு நின்னா சீட்டு கிடுகிடுன்னு ஆடும், உடனே பக்கத்துல இருக்கறவரு "மவுண்ட் போச்சுண்ணே, மாத்திடுங்க"ம்பாரு. மவுண்ட்னா இன்ஜினைத் தாங்குற ரப்பர். இருக்கலாம். ஆனா உதறல் இன்ஜின் சுத்துற வேகத்தோட வருதா, வண்டி ஓடுற வேகத்தோட வருதான்னு பாக்காம பர்ஸைத் திறக்காதீங்க.

நின்ன இடத்துலயே நியூட்ரல்ல போட்டு ஆக்சிலேட்டரை மெதுவா மிதிங்க, அப்பவும் உதறுனா இன்ஜின் பக்கம்தான். நிக்கறப்ப கம்முனு இருந்துட்டு 80, 90ல மட்டும் ஸ்டியரிங் நடுங்குனா முதல்ல வீல் பேலன்ஸ் பாருங்க.

நாலு சிலிண்டர் இன்ஜின் ரெண்டு சுத்து சுத்துனா நாலு சிலிண்டரும் ஒவ்வொரு தடவை எரியும். ஐடில்ல, அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காம சும்மா ஓடறப்ப, 700 ஆர்பிஎம்னா (நிமிஷத்துக்கு 700 சுத்து) செகண்டுக்கு சுமார் 23 தடவை, இந்த வேகத்துல வர்ற அதிர்வை ரப்பர் மவுண்ட் பெரும்பாலும் முழுங்கிடும். ஒரு சிலிண்டர் மிஸ் ஆனா, அதாவது எரியாம போனா, கதை வேற, சாமி பல்லக்கு தூக்குற நாலு பேர்ல ஒருத்தன் மட்டும் தோளை எடுத்த மாதிரி, ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை, அதாவது செகண்டுக்கு கிட்டத்தட்ட ஆறு தடவை குலுக்கும். ரப்பர் மேல உக்காந்திருக்கற இன்ஜினுக்குன்னு ஒரு சொந்த ஆட்டம் இருக்கு, அதைவிட நல்லா வேகமா வர்ற அதிர்வைத்தான் மவுண்ட் தடுக்கும், இவ்வளவு மெதுவான குலுக்கலை புது மவுண்டாலயும் நிறுத்த முடியாது.

எந்த சிலிண்டர்னு கண்டுபிடிக்க, இன்ஜினை ஆஃப் பண்ணி ஒரே ஒரு காயில் (பிளக்குக்கு கரண்ட் குடுக்கறது) சாக்கெட்டை கழட்டுங்க, ஸ்டார்ட் பண்ணி கேளுங்க, திரும்ப ஆஃப் பண்ணி மாட்டிட்டு அடுத்ததுக்கு போங்க. நல்ல சிலிண்டரை கழட்டுனா உதறல் கூடும், எதைக் கழட்டுனா ஒரு வித்தியாசமும் தெரியலையோ அதுதான் வேலை செய்யல. ரொம்ப நேரம் ஓட விடாதீங்க, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிஸ்டை சூடாக்கி கெடுத்துடும். அப்புறம் அந்த காயிலை பக்கத்து சிலிண்டருக்கு மாத்திப் போடுங்க, கோளாறும் கூடவே போனா காயில், அங்கேயே நின்னா பிளக், இன்ஜெக்டர், கடைசியா கம்ப்ரஷன்.

திஞ்சான், அதாவது பர்மா புத்தாண்டு தண்ணி கூத்து முடிஞ்சதும் இப்படி ஆரம்பிச்சா பிளக் குழியை ஒரு எட்டு பாருங்க. ஆழமான குழி, தண்ணி இறங்குனா லேசுல காயாது, ஸ்பார்க்கு பிளக்கோட முனைக்குப் போகாம ஈரத்து வழியா இன்ஜின் ஹெட்டுக்கு ஓடிடும், காயிலோட ரப்பர் மேல மெல்லிசா ஒரு கோடு விழுந்திருந்தா அது போன தடம்தான், துடைச்சாலும் போகாது, ரப்பரை மாத்தணும்.

மிஸ் இல்ல, ஆனா பிரேக்கை மிதிச்சு டி-ல (டிரைவ் கியர்ல) நின்னா மட்டும் ஆடுது, நியூட்ரல் போட்டா ஆட்டம் நின்னுடுதுன்னா அப்ப மவுண்ட் மேல சந்தேகப்படலாம். அதுலயும் ஐடில் ஆர்பிஎம் இறங்கியிருக்கான்னு முதல்ல பாருங்க, ஏசி கம்ப்ரஸர் ஏறும்போது, இன்ஜினுக்கு காத்து போற த்ராட்டில் பாடில கரி படிஞ்சிருந்தா ஐடில் தூக்கி நிக்காது. அதைத் துடைக்கறது மவுண்ட் விலையில ஒண்ணுமே இல்ல. துடைச்ச பிறகு கொஞ்ச நேரம் ஐடில் கூடுதலா இருந்தா பயப்படாதீங்க, கம்ப்யூட்டர் புது அளவைப் பழகிக்கிட்டு இருக்கு.