பூட்: பூட்ஸ் வழி வந்த சொல்

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி: ‘நோ பூட்டபிள் டிவைஸ்’. உள்ளே மின்விசிறி சுற்றுகிறது, விசைப்பலகையில் விளக்கு எரிகிறது, விண்டோஸ் மட்டும் வரவில்லை. மடிக்கணினி போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறோம். முந்தின நாள் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் தாய்ப்பலகை நிரல்) அமைப்புக்குள் போய் எதையோ மாற்றிய நினைவு அந்தப் பதற்றத்தில் வருவதில்லை. திரை சொல்வது என்னவென்று புரிய, ‘பூட்’ என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒரு பொய்ச் சொந்தத்தைக் கழித்துவிடலாம். தமிழில் கதவுக்குப் போடுவது மட்டும் பூட்டு அல்ல. ஏர் பூட்டுவதும் வண்டி பூட்டுவதும் உண்டு. புறப்படும் முன் வண்டி பூட்டுவதுதான் கணினியில் ‘பூட்’ ஆனது என்று பொருத்திப் பார்க்க ஆசை வரும். எனக்கும் வந்தது. வெறும் ஒலி ஒற்றுமைதான், உறவு ஏதுமில்லை.

உண்மையான உறவு பூட்ஸோடு. ‘பூட்’ என்பது ‘பூட்ஸ்ட்ராப்’ என்பதன் சுருக்கம். உயரமான பூட்ஸின் மேல் விளிம்பில், இழுத்து மாட்டிக்கொள்ள வளையம்போல ஒரு பட்டை தைத்திருப்பார்கள். அதைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்பது, நடக்காத காரியத்துக்கு ஆங்கிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த கேலி. தன் தோள்மேல் தானே ஏறி உட்காருவது மாதிரி.

1950களில் கணினிக்காரர்கள் இந்தக் கேலியை எடுத்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. நிரலை நினைவகத்தில் ஏற்ற இன்னொரு நிரல் வேண்டும். அதை ஏற்றுவது யார்? சின்னஞ்சிறு நிரல் ஒன்று முதலில் உள்ளே போய், தன்னைவிடப் பெரியதை இழுத்து வர வேண்டும். 1975இல் வந்த ஆல்டேர் 8800 கணினியில் அந்தச் சிறு நிரலை, முகப்பிலுள்ள ஸ்விட்சுகளை மேலும் கீழும் தட்டி, எட்டெட்டு பிட்டாக ஆளே ஊட்ட வேண்டியிருந்தது. இன்று அது தாய்ப்பலகையின் சில்லிலேயே இருக்கிறது.

அந்தச் சில்லு வட்டில் எங்கே தேடுகிறது என்பதுதான் அமைப்பில் நாம் மாற்றிவிடும் விஷயம். பழைய ‘லெகசி’ முறையில் வட்டின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதற்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ முறையில், வட்டில் தனியே ஒதுக்கிய சிறு பகுதியில் ஒரு கோப்பைத் தேடும். யூஇஎஃப்ஐ முறையில் நிறுவிய விண்டோஸை வைத்துக்கொண்டு லெகசிக்கு மாற்றினால், வட்டு நலமாக இருக்கும், தேடும் இடம் தவறாக இருக்கும். நான் ஒரு மாலை முழுக்க வட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்து, பிறகுதான் முந்தின இரவு நானே மாற்றியதை நினைத்துக்கொண்டேன். மின்விசையை அழுத்தியதும் எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டி உள்ளே போய் (விசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்), பழையபடி வைத்தேன், எழுந்துவிட்டது.

கறுப்புக்குப் பதில் விண்டோஸின் நீலப் பிழைத்திரை வந்தால் கதை வேறு. சேமிப்பக முறையை, அதாவது கணினி வட்டோடு பேசும் விதத்தை, ஏஹெச்சிஐ என்பதிலிருந்து ரெய்டு என்பதற்கு மாற்றியிருந்தால், விண்டோஸ் ஏறத் தொடங்கிப் பாதியில் தன் வட்டையே அணுக முடியாமல் நின்றுவிடும். தேதியும் பல ஆண்டுகள் பின்னே போயிருந்தால், அமைப்பை மாற்றியது ஆளாக இருக்காது. தேதியையும் அமைப்பையும் காத்துவைக்கும் தாய்ப்பலகையின் பேட்டரி தீர்ந்திருக்கும். வட்டை மறையாக்கிக் காக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டவர்கள் எதைத் தொடுமுன்னும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பூட் அமைப்பு மாறினாலே அதைக் கேட்கக்கூடும்.

இதற்குத் தமிழ் என்ன? ‘தொடக்கம்’ என்பது பொதுச்சொல். மின்விசையை அழுத்துவதும் தொடக்கம்தான், மேலே சொன்ன கணினியில் அது ஒழுங்காகவே நடந்தது. ‘எழுப்புதல்’ அழகானது, ஆனால் உறக்கநிலையிலிருந்து மீட்பதற்கு அது வேண்டும். ஒன்று இன்னொன்றை ஏற்றுவதே இங்கு உயிர் என்பதால் ‘தொடக்கேற்றம்’ என்பேன். அதைச் செய்யும் நிரல் ‘தொடக்கேற்றி’. எந்தச் சாதனத்தில் முதலில் தேடுவது என்ற பூட் ஆர்டருக்கு ‘தொடக்க வரிசை’ போதும், நீட்ட வேண்டாம். ரீபூட்டுக்கு ‘மீள்தொடக்கம்’ ஏற்கெனவே பழகிவிட்டது.

அந்தக் கறுப்புத் திரை வரியைத் தமிழில் எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன்: ‘தேடிய இடத்தில் தொடக்கேற்றி இல்லை.’