ஃப்ரீ டு ஏர்: யாருக்கு ஃப்ரீ?

இந்தியா ஆடும் ஒருநாள் ஆட்டம் என்றால் தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் கேபிள்காரரின் போன் ஓயாது. "அண்ணா, டிடி ஸ்போர்ட்ஸ் ஃப்ரீ டு ஏர்தானே? மேட்ச் வரலியே, என்னமோ பழைய ப்ரோக்ராம் ஓடுது" என்பதுதான் கேள்வி. பக்கத்து மொட்டைமாடியில் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வைத்திருக்கும் வீட்டில் அதே டிடி ஸ்போர்ட்ஸில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். கேபிள்காரர் எதையும் அமுக்கவில்லை, பாக்ஸிலும் கோளாறு இல்லை. "ஃப்ரீ டு ஏர்" என்ற சொல்லைப் பொறியாளர் ஒரு பொருளிலும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் இன்னொரு பொருளிலும், விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம் பேசுகிறவர்கள் மூன்றாவது பொருளிலும் சொல்கிறார்கள். கேட்பவர் மூன்றையும் சேர்த்து "காசில்லாமல் வரும்" என்று எடுத்துக்கொள்கிறார்.

முதலில் பொறியாளரின் பொருள். ஏர் என்பது இங்கே காற்று அல்ல, வானலை. வானொலிக் காலத்தில் நிகழ்ச்சி அலையில் போய்க்கொண்டிருப்பதை "ஆன் ஏர்" என்றார்கள். அதிலிருந்து வந்த வழக்கு. அலையில் வரும் சிக்னலைக் குலைக்காமல், பூட்டாமல் அனுப்பினால் அது ஃப்ரீ டு ஏர். ஆன்டெனாவும் அதைப் படிக்கிற கருவியும் இருந்தால் போதும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது ராயபுரத்து ஓட்டு வீடுகளின் மேல் ஏறிய அலுமினியக் கம்பி ஆன்டெனா பிடித்தது இதைத்தான். இதற்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு: ஃப்ரீ டு வியூ. அதில் சிக்னல் பூட்டியிருக்கும், ஆனால் சாவிக்கு மாதப் பணம் கிடையாது. குறிப்பிட்ட பாக்ஸ் மட்டும் வேண்டும். பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பாக்ஸ் வாங்கும் கடையில்தான் வேறுபாடு இடிக்கும்.

இந்தச் சொல் சென்னைவாசியின் வாய்க்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2003 செப்டம்பரில் இந்திய நகரங்களிலேயே முதலில் சென்னையில்தான் காஸ் என்ற கட்டுப்பாட்டு அணுகல் முறை நடைமுறைக்கு வந்தது. பே சேனல் வேண்டுமானால் செட்டாப் பாக்ஸ் வாங்க வேண்டும். பாக்ஸ் இல்லாதவர்களுக்கு ஃப்ரீ டு ஏர் சேனல்கள் மட்டும், குறைந்தது 30, மாதம் 72 ரூபாய்க்குள். கவனியுங்கள்: ஃப்ரீ, ஆனால் 72 ரூபாய். குழப்பம் அன்றே தொடங்கிவிட்டது.

ட்ராய் விதிகளில் அந்தக் குழப்பம் இலக்கணமாகவே இருக்கிறது. அங்கே ஃப்ரீ டு ஏர் சேனல் என்றால், கேபிள் அல்லது டிடிஎச் நிறுவனம் சேனல் நடத்துபவருக்குப் பணம் தர வேண்டாத சேனல். வீட்டுக்காரர் கேபிள்காரருக்குப் பணம் தர வேண்டுமா என்பதைப் பற்றி அந்த வரையறை வாயே திறப்பதில்லை. 2019இல் புதிய கட்டண முறை வந்தபோது 100 சேனல்களுக்கு 130 ரூபாயும் வரியும் என்று நெட்வொர்க் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தார்கள். அந்த நூறும் ஃப்ரீ டு ஏராகவே இருந்தாலும் அந்தக் கட்டணத்தைக் கட்டியாக வேண்டியிருந்தது. ஃப்ரீ என்பது இரண்டு வியாபாரிகளுக்கு நடுவில் உள்ள சங்கதி.

மூன்றாவது பொருள்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். முக்கியமான விளையாட்டும் கலை நிகழ்ச்சியும் சந்தா கட்டாதவருக்கும் தெரிய வேண்டும் என்ற கொள்கை. இதை ஆஸ்திரேலியாவில் ஆன்ட்டி சைஃபனிங் என்பார்கள். சைஃபன், குழாய் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். தண்ணி லாரி வந்த நாளில் நிரப்பிய டிரம்மிலிருந்து டியூப் போட்டுக் குடத்துக்கு இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். டியூபில் ஒருமுறை தண்ணீர் நிறைந்து, கீழ்முனை டிரம்மின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்துவிட்டால் பிறகு யாரும் இழுக்க வேண்டாம், தானாக வடியும். அதுபோல, சந்தாப் பணம் கையில் உள்ள சேனல் ஏலத்தில் ஒருமுறை ஜெயித்துவிட்டால் ஆட்டங்கள் பொது டிவியிலிருந்து ஒவ்வொன்றாக வடிந்துபோகும் என்ற அச்சம்தான் பெயருக்கு மூலம்.

இந்தச் சொல் பிறந்த ஊர் அமெரிக்கா. அங்கே 1970களில் சாதாரண டிவியில் வந்துகொண்டிருந்த விளையாட்டுகளைக் கட்டணக் கேபிள் எடுத்துக்கொள்ளாமல் தடுக்க விதிகள் போட்டார்கள்; கட்டணச் சேனலான ஹெச்.பி.ஓ. தொடுத்த வழக்கில் 1977இல் நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்தது. ஆஸ்திரேலியா 1992 சட்டத்தில் அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு 1994இல் பட்டியல் போட்டது. அங்கே கட்டண டிவி வந்ததே 1995இல்.

பட்டியல் என்ற கருவி ஒன்றுதான், வேலை செய்யும் விதம் நாட்டுக்கு நாடு வேறு. ஆஸ்திரேலியாவில் பட்டியலில் உள்ள நிகழ்ச்சியின் உரிமையைப் பொது சேனலுக்கு முன்பாகக் கட்டணச் சேனல் வாங்கக் கூடாது. பொது சேனல் வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பிரிட்டனில் 1996 சட்டப்படி இரண்டு பிரிவுகள். முதல் பிரிவில் ஒலிம்பிக்ஸ், கால்பந்து உலகக் கோப்பை, எஃப்.ஏ. கோப்பை இறுதி, விம்பிள்டன் இறுதி போன்றவை நேரலையாக, மக்களில் 95 சதவீதம் பேருக்குக் கட்டணமின்றி எட்டும் சேனலுக்கும் கிடைக்க வேண்டும். இரண்டாம் பிரிவுக்குத் தொகுப்புக் காட்சி போதும். சொந்த மண்ணில் ஆடும் டெஸ்ட் கிரிக்கெட்டை 1998இல் முதல் பிரிவிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கினார்கள். 2005 ஆஷஸ் டெஸ்ட் தொடர் கட்டணமில்லாத சேனல் 4இல் வந்தது. 2006 முதல் நேரலை கட்டணச் சேனலான ஸ்கைக்குப் போனது. பட்டியலில் ஒரு வரி இடம் மாறினால் நடப்பது அதுதான்.

கலைக்கும் இடம் உண்டா என்றால், ஐரோப்பாவில் உண்டு. ஆஸ்திரியாவின் பட்டியலில் வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் புத்தாண்டுக் கச்சேரி இருக்கிறது. இத்தாலியின் பட்டியலில் சான்ரேமோ பாட்டு விழா. ஐரோப்பிய விதி "சமுதாயத்துக்கு முக்கியமான நிகழ்வு" என்று பொதுவாகப் பேசுவதால் இது முடிகிறது. இந்தியச் சட்டத்தின் தலைப்பிலேயே விளையாட்டு என்று இருக்கிறது. ஆகவே மார்கழிக் கச்சேரியோ பொங்கல் கலைவிழாவோ ஒரு தனியாரின் கட்டணச் செயலிக்குள் போய்விட்டால் கேட்க இந்தச் சட்டத்தில் இடமில்லை. குடியரசு நாள் அணிவகுப்பு எல்லாருக்கும் தெரிவது தூர்தர்ஷனே அதை எடுப்பதால்.

இனி நம் சட்டம். ஹீரோ கோப்பை கிரிக்கெட் ஒளிபரப்புத் தகராறில் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் "வானலை பொதுச் சொத்து" என்றது. எல்லா வாதமும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. இந்திய அணியின் 2004 பாகிஸ்தான் பயணத்தில் உரிமை வைத்திருந்த டென் ஸ்போர்ட்ஸுக்கும் தூர்தர்ஷனுக்கும் வழக்கு. 2007 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் இங்கே ஆட வந்தபோது ஒளிபரப்பு உரிமை வைத்திருந்த நிம்பஸ் நிறுவனத்தோடு மறுபடியும் இழுபறி; தூர்தர்ஷனில் ஆட்டம் ஏழு நிமிடம் தாமதமாக ஓடியது. விக்கெட் விழுந்த சத்தம் அடுத்த வீட்டிலிருந்து வந்த பிறகு நம் வீட்டில் பந்து வீசப்பட்டால் அதற்கு நேரலை என்று பெயரா? அடுத்த மாதமே அவசரச் சட்டம், பிறகு மார்ச்சில் முழுச் சட்டம்.

சட்டம் சொல்வது இது. தேசிய முக்கியத்துவம் உடையது என்று அரசு அறிவித்த ஆட்டத்தை ஒளிபரப்பு உரிமைக்காரர் கேபிளிலோ டிடிஎச்சிலோ நேரலையாகக் காட்டினால், அதே சிக்னலை அதே நேரத்தில் தன் விளம்பரங்கள் இல்லாமல், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்குத் தர வேண்டும். பிரசார் பாரதி தன் விளம்பரங்களைப் போட்டுக்கொள்ளும்; அந்த வருமானத்தில் குறைந்தது 75 சதவீதம் உரிமைக்காரருக்கு, மிச்சம் பிரசார் பாரதிக்கு. வானொலி வர்ணனைக்குப் பாதிப் பாதி. மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆஸ்திரேலியா வாங்கும் வரிசையைக் கட்டுப்படுத்துகிறது. நாம் விற்பனையைத் தொடாமல் சிக்னலைப் பங்கு கேட்கிறோம். ஏலத்தொகை எவ்வளவு ஏறினாலும் பங்கு நிற்கும் என்பதால் நம் ஏற்பாடு ஒரு வகையில் கெட்டிக்காரத்தனமானது.

ஆனால் பட்டியலை வாசித்துப் பார்க்க வேண்டும். கிரிக்கெட்டில் இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்கள் எல்லாம் உண்டு. டெஸ்ட்டில் அரசு தேர்ந்தெடுப்பவை மட்டும். ஐ.பி.எல். இல்லை. சின்ன பிரேசில் என்று பெயர் எடுத்த வியாசர்பாடிக்கு வேண்டியது கால்பந்து உலகக் கோப்பை. அதில் தொடக்க ஆட்டம், காலிறுதிகள், அரையிறுதிகள், இறுதி ஆட்டம். கூட்டினால் 8. 32 அணிகள் ஆடிய காலத்தில் 64 ஆட்டங்களில் 8. 48 அணிகள் என்று ஆன பிறகு 104இல் 8. பிரேசிலோ அர்ஜென்டினாவோ லீக் சுற்றில் ஆடுவதை டிடியில் எதிர்பார்த்துத் தெருவில் திரை கட்டுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். திரைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் எந்தச் சுற்று என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது நீதிமன்றம் இறுக்கிய திருகு. சட்டத்தின் மூன்றாம் பிரிவு, பிரசார் பாரதி சிக்னலைத் "தனது" தரைவழி வலையிலும் "தனது" டிடிஎச் வலையிலும் மறு ஒளிபரப்பு செய்வதற்காக என்று சொல்கிறது. தூர்தர்ஷன் சேனல்களைக் கேபிள்காரர்கள் கட்டாயம் காட்ட வேண்டும் என்று கேபிள் சட்டம் சொல்வதால், பங்கு வாங்கிய ஆட்டம் கேபிள் வழியாகவும் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்படியானால் எங்கள் சேனலுக்கு யார் சந்தா கட்டுவார் என்று உரிமைக்காரர்கள் வழக்காடினார்கள். 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் "தனது" என்றால் தனது மட்டுமே என்று தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து கேபிளிலும் தனியார் டிடிஎச்சிலும் டிடி ஸ்போர்ட்ஸ் இருக்கும், ஆட்டம் இருக்காது. தண்டையார்பேட்டைக் கேள்விக்கு விடை இந்த ஒற்றைச் சொல். மாதாமாதம் பணம் கட்டுகிறவருக்கு ஆட்டம் இல்லை, கட்டாதவருக்கு உண்டு. கேட்க வேடிக்கையாக இருந்தாலும் சட்டத்தின் கணக்கு அதுவே: கட்ட முடிந்தவர் கட்டணச் சேனலில் பார்க்கட்டும்.

இதற்கெல்லாம் தமிழ் என்ன? "இலவச ஒளிபரப்பு" என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. தமிழ்நாட்டில் இலவச டிவி என்றவுடன் 2006க்குப் பிறகு அரசு வீடுவீடாகக் கொடுத்த கலர் டிவிப் பெட்டிதான் நினைவுக்கு வரும். 2011 முதல் அரசு வழக்கில் வந்த "விலையில்லா" என்பதும் பொருளுக்குப் பொருந்தும், சேவைக்கு ஒட்டாது. ஒரே சொல்லுக்கு மூன்று பொருள் இருக்கும்போது ஒரே தமிழைத் தேடுவது வீண். பொறியாளர் பொருளுக்குப் "பூட்டில்லா ஒளிபரப்பு" என்பதே துல்லியம். பூட்டு இருக்கிறதா இல்லையா என்பதுதானே அங்கே கேள்வி. ட்ராய் பொருளுக்கு ஏற்கெனவே புழங்கும் "கட்டணமில்லா சேனல்" போதும், கட்டணம் யாருக்கு என்று ஒரு வரி சேர்த்தால். கொள்கைப் பொருளுக்குச் "சந்தாவில்லா ஒளிபரப்பு". சந்தா பாரசீகப் பக்கமிருந்து வந்த சொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் கேபிள் ரசீதில் அச்சாகி, தெருவில் எல்லாருக்கும் புரியும் சொல் அது. ஆன்ட்டி சைஃபனிங்கை "வடிகுழாய்த் தடுப்பு" என்று பெயர்த்தால் மெட்ரோ வாட்டர் சமாச்சாரம் ஆகிவிடும். அது செய்யும் வேலையைப் பார்த்துக் "காப்புப் பட்டியல்" எனலாம். பிரிட்டன், ஐரோப்பா, இந்தியா எல்லாவற்றின் பட்டியலுக்கும் இந்த ஒரு பெயர் செல்லும்.

காப்புப் பட்டியலிலுள்ள ஆட்டம் வீட்டுக்கு வர இப்போது நடைமுறையில் இருப்பது ஒரே வாசல். தூர்தர்ஷனின் பழைய அனலாக் தரைவழி நிலையங்கள் அநேகமாக மூடப்பட்டுவிட்டன. மிஞ்சியது 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று தொடங்கிய டிடி ஃப்ரீ டிஷ். டிஷ், அதன் முன் நீட்டி நின்று சிக்னலை வாங்கும் எல்.என்.பி., கேபிள் ஒயர், பாக்ஸ் ஆகியவற்றுக்கு ஒருமுறை செலவு, மாதச் சந்தா கிடையாது. கடையில் எம்பெக் 4 பாக்ஸ் என்று கேட்டு வாங்க வேண்டும் (எம்பெக் என்பது படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை). பழைய எம்பெக் 2 பாக்ஸில் புதிய வகைச் சேனல்கள் திறக்காது.

செயற்கைக்கோள் ஜிசாட் 15, கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. சென்னையிலிருந்து அது தென்கிழக்கே, திசைகாட்டியில் ஏறத்தாழ 134 டிகிரியில், அடிவானத்திலிருந்து 68 டிகிரி உயரத்தில் இருக்கும். இவ்வளவு உயரம் என்பது நெருக்கமான சந்துகளுக்கு வசதி. அந்தத் திசையில் டிஷ்ஷிலிருந்து 4 அடி தள்ளி ஒரு சுவர் இருந்தால், டிஷ்ஷைவிடச் சுமார் 10 அடி உயரம் வரை அது மறைக்காது. மறைப்பது பெரும்பாலும் தண்ணீர் டேங்க்கும் முருங்கைக் கிளையும்தான். டிஷ்ஷின் முகத்தைப் பார்த்து உயரத்தைக் கணிக்கக் கூடாது. எல்.என்.பி. கீழ்ப்புறம் தள்ளி நிற்கும் வகை டிஷ் என்பதால், தட்டு அவ்வளவு மல்லாந்து தெரியாது. தட்டை வானத்தைப் பார்த்துப் படுக்க வைத்துவிட்டு சிக்னலைத் தேடுவது அடிக்கடி நடக்கும் பிழை. பாக்ஸின் சிக்னல் திரையில் "ஸ்ட்ரெங்த்" கோட்டை நம்பாதீர்கள், அது டிஷ் எங்கே திரும்பியிருந்தாலும் ஏறி நிற்கும். "குவாலிட்டி" கோடு ஏறும்வரை மெல்ல நகர்த்தி, பிறகு எல்.என்.பி.யைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி அதன் உச்சத்தில் திருகை இறுக்குங்கள்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோர வீடுகளில் முதலில் போவது ஒயர் முனையிலுள்ள எஃப் கனெக்டர். உப்புக்காற்றில் பச்சை பூத்து, ஆட்டத்தின் நடுவில் படம் கட்டம்கட்டமாக உடையும். கனெக்டரை மாற்றி, அதன்மேல் தண்ணீர் புகாத ரப்பர் டேப் சுற்றி, ஒயரை எல்.என்.பி.க்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் மழைநீர் கனெக்டருக்குள் ஓடாமல் வளையத்தில் சொட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் படம் நின்றால் டிஷ்ஷைத் திருப்ப மாடி ஏறாதீர்கள். டிஷ்ஷுக்கு வரும் கேயூ பேண்ட் அலையை மழைத்துளி விழுங்குகிறது, மழை விட்டதும் தானே வரும். அந்த நேரத்தில் திருகைத் தொட்டால் மழை விட்ட பிறகும் வராது.

செல்போனில் நிலைமை வேறு. 2007 சட்டம் கேபிள், டிடிஎச், வானொலி என்றுதான் பேசுகிறது. இணைய ஒளிபரப்பு அதன் வாசகத்தில் இல்லை. ஆஸ்திரேலியா 2024இல் தன் சட்டத்தைத் திருத்தி இணையச் சேவைகளையும் காப்புப் பட்டியலின் கட்டுக்குள் கொண்டுவந்தது. இங்கே செயலியில் ஓர் ஆட்டம் சும்மா கிடைத்தால் அது அந்த நிறுவனம் அந்த ஆண்டு எடுத்த வியாபார முடிவு. 2022 கால்பந்து உலகக் கோப்பை ஜியோசினிமாவில் அப்படித்தான் கிடைத்தது. அடுத்த முறை சந்தா கேட்டால் சட்டத்தைக் காட்டி மறுக்க முடியாது.